யார் வீட்டுப் பாயை யார் சபையில் விரிப்பது?

2023 மார்ச்சில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் நடக்கும் ஆட்டத்தைக் கலை பண்பாட்டுத் துறையின் கலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே ஜனவரியில், குறவர்களை இழிவு செய்யும் ஆட்டத்தை அனுமதிக்கக் கூடாது என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருந்தது. குறவர் அமைப்புகள் பல வருஷமாக மனுப் போட்டு, வாசல் வாசலாக நின்று வாங்கிய ஆணை அது.

செய்தி வந்ததும் டீக்கடையிலும் பஸ்ஸிலும் ஒரே பேச்சு. 'ஆபாசமா ஆடுனாங்க, தடை போட்டுட்டாங்க.' முற்போக்கு நண்பர்கள் சிலர் வேறு மாதிரி வருத்தப்பட்டார்கள். 'நாட்டுப்புறக் கலையை அழிக்கிறாங்க தோழர், சனங்களோட சிரிப்பை நசுக்குறாங்க.' இரண்டு பேச்சையும் நான் கேட்டேன். இரண்டிலும் குறவர் இல்லை. முதல் ஆளுக்கு ஆட்டக்காரியின் பாவாடை எத்தனை முழம் என்பதுதான் கணக்கு. இரண்டாவது ஆளுக்குக் கலை பிழைக்க வேண்டும். விடிய விடிய 'குறத்தி, குறத்தி' என்று மைக்கில் கூப்பிட்டுச் சிரித்த ஊரில், மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகிற குறவர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து மற்ற பிள்ளைகள் என்ன கேட்டிருக்கும்? இந்தக் கேள்வி யாருக்கும் வரவில்லை.

காமத்தை வைத்துச் சிரிப்பது தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொன்னால் எங்க ஆச்சியே என்னை மன்னிக்க மாட்டாள். ஆனால் ஒருத்தர் வீட்டுப் பாயைத் தூக்கிக்கொண்டு வந்து இன்னொருத்தர் சபையில் விரித்துச் சிரிக்கிற சிரிப்பு என்று ஒன்று இருக்கிறது. அதற்கு இந்த நாட்டில் நெடிய வரலாறு உண்டு. இலக்கிய வரலாறு அதற்குச் சுவை என்றும் வளம் என்றும் பேர் வைத்திருக்கிறது. அந்த வரலாற்றை நம்ம பக்கத்திலிருந்து ஒருமுறை பார்க்கலாம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோயில் கொடையில் நையாண்டி மேளம், கரகாட்டம் செட்டோடு குறவன் குறத்தி சோடியும் வரும். கரகம் முடிந்து, சாமி வேலையெல்லாம் ஒருவழியாக ஓய்ந்து, பெண்டு பிள்ளைகள் கண்ணசரும் நேரத்தில் மேளம் மாறும். குறவன் கேட்பான், குறத்தி சொல்வாள். எங்கே போனாய், யாரோடு போனாய், அவன் என்ன கொடுத்தான், நீ என்ன கொடுத்தாய். எல்லாம் இரட்டை அர்த்தம். குறவனுக்கு மானம் ரோசம் கிடையாது, குறத்திக்கு வரைமுறை கிடையாது என்பதுதான் அந்தச் சிரிப்பின் முதல். ஆடுகிறவர்கள் அநேகமாகக் குறவர் இல்லை. வேறு சாதிக் கலைஞர்கள். பேர் மட்டும்தான் குறவருடையது.

அந்தப் பேரின் மேல் ஏற்கெனவே அரசாங்கம் ஒரு முத்திரை குத்தியிருந்தது. 1871ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. குறவர்கள் பட்டியலில் ஏற்றப்பட்டார்கள். கைரேகை, ஸ்டேஷனில் ஆஜர், ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு. சென்னை மாகாணத்தில் 1947ல்தான் அந்தச் சட்டம் ரத்தானது. சட்டம் குறவனைப் பிறவித் திருடன் என்றது. மேடை குறத்தியை எவனுக்கும் கிடைப்பவள் என்றது. ஒரு களவுக் கேஸில் குறவரைப் பிடித்துக்கொண்டு போய், அவர் வீட்டுப் பெண்ணையும் கூட இழுத்துக்கொண்டு போகிற போலீஸ்காரனுக்கு, அந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தது யார்? மேடைச் சிரிப்புக்கு அதில் பங்கில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

'இது பாமரக் கூத்து, பழைய குறவஞ்சி இலக்கியம் அப்படியில்லை' என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். போய்ப் பார்ப்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடியது திருக்குற்றாலக் குறவஞ்சி. முதல் பாதியில் வசந்தவல்லி பந்தடிக்கிறாள், உலா வருகிற குற்றாலநாதரைக் காண்கிறாள், மையல் கொண்டு வாடுகிறாள். சிங்கி வந்து குறி சொல்லி, பரிசாக நகைகள் வாங்கிக்கொண்டு போகிறாள். அடுத்த பாதியில் சிங்கன் வருகிறான். பறவை பிடிக்க வந்தவன், சிங்கியைக் காணாமல் தேடித் திரிகிறான். அவனுக்கும் அதே மையல்தான், அதே தவிப்புதான். ஆனால் வசந்தவல்லி தவித்தால் அது சிருங்காரம். சிங்கன் தவித்தால் அது ஹாஸ்யம். ஒரே நூலுக்குள்ளே இரண்டு தராசு. சிங்கி கண்ணில் பட்டதும், அவள் மேல் கிடக்கிற நகையெல்லாம் எப்படி வந்தது என்று சிங்கன் துருவுகிறான். ஊர் ஊராக நடந்து, வாயால் உழைத்து வாங்கிய கூலி அது. அந்தக் கூலியின் மேல் புருஷனுக்குச் சந்தேகம் வருவதுதான் சபைக்கு வேடிக்கை. பெண் பெரிய வீட்டுக்காரியாக இருந்தால் அவள் கழுத்து நகையைப் பார்த்து வருணனை வரும். சிங்கியாக இருந்தால் விசாரணை வரும். இன்றைக்குத் தெருவில் குறவன் கேட்கிற கேள்விக்கு வேர் இங்கே இருக்கிறது.

கவிராயர் பெரிய கவி. அதில் எனக்குச் சண்டையில்லை. மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் இந்த நூலுக்காக அவருக்கு நிலம் கொடுத்தார். 'குறவஞ்சி மேடு' என்று அதற்குப் பேர். மேட்டின் பேரில் குறவஞ்சி இருந்தாள், உரிமை கவிராயர் பேரில் இருந்தது. 1944ல் ருக்மிணி தேவி அதைக் கலாக்ஷேத்திராவின் நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். பட்டுப் புடவையும் வீணையுமாக, அங்கே அது சாஸ்திரியக் கலை. 2023 ஆணை தெருவைத் தொட்டது. சபாவைத் தொடவில்லை. சபாவை மூடு என்று நான் கேட்கவில்லை. சிங்கி யார், சிங்கன் எதற்குச் சிரிக்கப்படுகிறான் என்கிற கேள்வியைச் சபாவிலும் கேட்க வேண்டும் என்கிறேன்.

இனி எங்க கதைக்கு வருகிறேன். பள்ளு.

பள்ளுகளில் பேர்போனது முக்கூடற் பள்ளு. தாமிரபரணியோடு சிற்றாறு சேர்கிற சீவலப்பேரிப் பக்கத்து நிலம். ஒரு பள்ளன், அவனுக்கு மூத்த பள்ளி ஒருத்தி முக்கூடல்காரி, இளைய பள்ளி ஒருத்தி மருதூர்க்காரி. பள்ளன் இளையவள் குடிசையே கதியென்று கிடக்கிறான். மூத்தவள் பண்ணைக்காரனிடம் போய் முறையிடுகிறாள். பண்ணைக்காரன் பள்ளனைப் பிடித்துக் காலில் மரம் மாட்டுகிறான். பிறகு அதே மூத்தவள் மனசு கேட்காமல் போய் மன்றாடி விடுவிக்கிறாள். உழவு, நடவு, அறுப்பு எல்லாம் நடக்கிறது. கடைசியில் சக்களத்திகள் இருவரும் ஏசிக்கொள்கிறார்கள். ஒருத்தி சிவனை ஏச, மற்றவள் பெருமாளை ஏச, பிறகு சமாதானம்.

நான் முதுகலைத் தமிழ் படித்தபோது இந்தப் பள்ளு பாடத்தில் இருந்தது. எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை. மழைக்குறி, விதை வகை, மாட்டு வகை, ஏர் வகை எல்லாம் பேராசிரியர் மளமளவென்று நடத்திவிட்டார். ஏசலுக்கு வந்ததும் குரல் மாறியது. சக்களத்திச் சண்டையை நடித்துக் காட்டினார். வகுப்பு குலுங்கியது. நாற்பது பேரில் நாங்கள் மூன்று பேர் பள்ளர். அதில் ஒருத்தி பெண். பின்பெஞ்சில் இருந்த ஒருவன் அவளைத் திரும்பிப் பார்த்து, 'மூத்தவளா, இளையவளா?' என்று கேட்டான். பேராசிரியருக்கும் அது காதில் விழுந்தது. அவர் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அவள் அழவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாலு வகுப்புக்கு அவள் வரவில்லை. பள்ளு நடத்தி முடித்த பிறகுதான் வந்தாள். பரீட்சையில் பள்ளுக் கேள்வியை விட்டுவிட்டேன் என்று பின்னால் சொன்னாள். பதினைந்து மார்க்.

அந்தக் கேள்வியைக் கேட்டவன் பாடப் புத்தகத்துக்கு வெளியே எதையும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நூல் எப்படிப் பார்க்கச் சொன்னதோ அப்படிப் பார்த்தான்.

பள்ளுக்கு நம்ம ஆட்களிலேயே இரண்டு கட்சி இருக்கிறது. 'அது எங்க பெருமை, மள்ளர் வேளாண்மைக்குச் சாட்சி' என்று ஒரு கட்சி. தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயருக்காக நடந்த நெடிய இயக்கத்தில் பள்ளு நூல்கள் ஆதாரமாக எடுத்து வைக்கப்பட்டன. 2021ல் அந்தப் பெயர் நாடாளுமன்றச் சட்டமாகவே வந்தது. இன்னொரு கட்சி, 'அது ஆண்டைகள் எழுதுன அசிங்கம், கொளுத்து' என்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். விதையின் பேரும் மாட்டின் சுழியும் மழையின் குறியும் நம்ம சனங்களின் அறிவு. எந்தப் புலவனும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. வயலில் நின்றவனிடம் கேட்டுத்தான் எழுதியிருப்பான். அறிவு நம்மிடமிருந்து எடுத்தது. சிரிப்பு அவர்கள் போட்டது.

அந்தச் சிரிப்பு செய்கிற வேலையைப் பாருங்கள். பள்ளன் காலில் ஏன் மரம் மாட்டப்படுகிறது? இளையவள் பாயில் கிடந்து பண்ணை வேலையைக் கெடுத்தான் என்பதால். அதாவது அவன் படுக்கையே அவன் மேல் குற்றப் பத்திரிகை. 1843ல் அடிமைச் சட்டம் வருகிற வரைக்கும், வந்த பிறகும்கூட, உழுகிறவனின் உடம்பு நிலத்தோடு சேர்ந்து ஆண்டையின் சொத்தாகத்தான் நடத்தப்பட்டது. அந்த உடம்பு ராத்திரியில் எங்கே படுக்கிறது என்று கேட்கிற உரிமை ஆண்டைக்கு இருந்தது. பள்ளு அந்த உரிமையை நகைச்சுவையாக மாற்றிக் கொடுக்கிறது. தொழுமரம் என்பது சித்திரவதைக் கருவி. அதைப் பார்த்துச் சபை சிரிக்க வேண்டுமானால், மாட்டப்பட்டவன் முதலில் காமாந்தகனாகத் தெரிய வேண்டும். காமத்தை முன்னால் விட்டு, பின்னால் மரத்தைக் கொண்டுவருகிறார்கள்.

'பள்ளு பண்ணைக்காரனையும்தானே கேலி செய்கிறது' என்பார்கள். செய்கிறது, அவன் கோலத்தைப் பார்த்து. பண்ணைக்காரனும் மேல்பார்வைக்கு வைத்த ஆள்தான். நிலத்துக்கு உடையவர், கோயிலோ மடமோ மிராசோ, அவர் வீட்டு உள்ளறைக்குள் பள்ளு எட்டிப் பார்ப்பதே இல்லை.

சிரிக்கவே கூடாத ஓர் இடமும் நம்ம கூத்தில் இருக்கிறது. வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். கட்டியங்காரன் ராசாவையே கேலி செய்வான், எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் துகிலுரிதல் அன்றைக்கு ஊர் வேறு மாதிரி இருக்கும். பாஞ்சாலி சேலையில் கை வைப்பதற்கு முன்னால், வேடம் கட்டியவர்கள் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கும்பிடுகிற வழக்கம் உண்டு. நடிப்புக்காகக்கூட ஒரு பெண்ணைச் சபையில் அவமானப்படுத்துவது பாவம் என்று அந்தக் கூத்துக்குத் தெரிந்திருக்கிறது. படிக்காத சனங்கள் உண்டாக்கிய அறம் அது. எந்தத் தணிக்கைக் குழுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்படியானால் குறத்திக்கு ஏன் ஒரு துண்டு கற்பூரம்கூட இல்லை? பள்ளிக்கு ஏன் இல்லை? பாஞ்சாலி ராணி, அதிலும் தெய்வம். இவர்களுக்குத் துகில் இருப்பதாகவே யாரும் நினைக்கவில்லை. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித்துகள் உள்ளே வரக் கூடாது என்று சாதி இந்துக்கள் மறித்ததால், ஒரு கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அது தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில். சபையில் அவமானப்பட்டவளுக்குக் கட்டிய கோயில் வாசலில், தினம் தினம் அவமானப்படுகிறவர்களை நிறுத்தி வைத்தார்கள்.

இதெல்லாம் வெறும் மேடை, பாட்டு, புத்தகம் என்று நினைக்க வேண்டாம். நம்ம ஊர்களில் தண்டனையே ஒரு வேடிக்கையாகத்தான் நடந்திருக்கிறது. கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதை மேல் ஏற்றி, தெருத் தெருவாகக் கூட்டிப் போவார்கள். அடித்துக் கொல்ல நினைத்தால் இருட்டில் செய்யலாம். பகலில், மேளத்தோடு செய்வது ஊர் கூடிச் சிரிக்க. 1989ல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. உடையை உரிதல், நிர்வாணமாகவோ முகத்தில் உடம்பில் சாயம் பூசியோ ஊர்வலம் விடுதல் என்று சட்டம் பெயர் சொல்லியே குற்றமாக்கியது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், மொட்டையடித்தல், மீசையை மழித்தல் என்பதையும் சேர்த்தது. தலித், பழங்குடிப் பெண்களை நோக்கிப் பாலியல் தொனியில் பேசுவதையும் சைகை காட்டுவதையும் தனிக் குற்றமாக வைத்தது. அந்தப் பட்டியலை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கோமாளி வேடம் போடுகிற முறை மாதிரியே இருக்கும்.

வாச்சாத்தியை மறந்துவிட முடியாது. 1992 ஜூன் 20ல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாசி ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வல்லுறவு செய்யப்பட்டார்கள். 2011ல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த ஊர்ப் பெண்கள் சொன்ன சாட்சியத்தில் ஒரு செய்தி இருக்கிறது. காவலில் வைத்திருந்தபோது, பெண்கள் கையில் விளக்குமாற்றைக் கொடுத்து, அவர்கள் ஊர்க்கவுண்டரையே அடிக்க வைத்தார்கள். அடிப்பதற்கு அதிகாரிகளிடம் தடி இல்லையா, ஆள் இல்லையா? விளக்குமாறு எதற்கு? வேடிக்கைக்கு. புருஷனை விளக்குமாற்றால் அடிக்கிற பொண்டாட்டி என்கிற காட்சி நம்ம நாடக மேடையில், சினிமாவில் எத்தனை தடவை வந்திருக்கிறது! அதே காட்சியை வனத்துறைக் காவலில் உண்மையான ஆட்களை வைத்து நடத்தினார்கள்.

இப்போது எதிர்ப்பக்கத்துச் சிரிப்புக்கு வருகிறேன்.

எங்க ஆச்சி நடவுக்குப் போனவள். இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். வரப்பில் கங்காணி குடை பிடித்து நிற்பார். அவர் நாலு எட்டு தள்ளிப் போனதும் ஒருத்தி ஆரம்பிப்பாள். 'எதுக்குடி இம்புட்டுப் பெரிய குடை?' 'உள்ள இருக்குறது சின்னதுல்லா, அதான்.' இருபது முதுகும் சிரிப்பில் குலுங்கும். நாற்று கோணலாகப் போகும். கங்காணி திரும்பிப் பார்த்தால் எல்லா முகமும் சேற்றைப் பார்க்கும். காமம் வழிகிற பேச்சுதான். நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தால் ஆபாசம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் பகல் முழுக்க அந்தப் பெண்களின் குனிந்த உடம்பை வரப்பிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளின் பார்வையைத் திருப்பி அவன் மேலேயே போடுகிற பேச்சு அது. ஒருநாள் காற்று அந்தப் பக்கம் அடித்து, பேச்சு அவர் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு இருபது பேருக்கும் கூலியில் கால் மரக்கால் நெல் குறைந்தது. ஆச்சி அதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். 'சிரிச்சதுக்குக் கால் மரக்கா. போவட்டும், நல்ல சிரிப்பு.'

மேலே இருந்து சிரிக்கிறவன் எதையும் இழப்பதில்லை. கீழே இருந்து சிரிக்கிறவள் கூலியை இழக்கிறாள், சில சமயம் உயிரையும். ஆபாசம் என்கிற சட்டச் சொல்லுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அது சொல்லை மோந்து பார்க்கும். யார் வாயிலிருந்து யார் மேல் விழுந்தது என்று பார்க்காது. 1876ல் வெள்ளைக்காரன் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டபோதும் அவதூறு, ராஜதுரோகம், ஆபாசம் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டினான். 1954ல் இங்கே வந்த நாடகச் சட்டம் எம்.ஆர்.ராதாவின் மேடையை நோக்கி வந்தது. பெரிய இடத்தைக் கேலி செய்தால் ஆபாசம் என்று பிடிப்பார்கள். சின்ன சனத்தைக் கேலி செய்தால் நகைச்சுவை என்று விடுவார்கள். அதனால் 'ஆபாசத்தை ஒழி' என்கிற கோஷத்தோடு நாம் சேர்ந்து போக முடியாது. அந்தக் கத்தி முதலில் எங்க ஆச்சி நாக்கைத்தான் அறுக்கும்.

இதைச் சொல்லிவிட்டு நம்ம சிரிப்பெல்லாம் புனிதம் என்று நான் முடித்தால் அது பொய். வயல் சிரிப்பு பல சமயம் கங்காணியை விட்டு அவர் பொண்டாட்டி மேல் போகும், மகள் மேல் போகும். ஆண்டையைத் திட்டுகிற வசவும் அவன் அம்மா வழியாகத்தான் போகிறது. மேலே எறிகிற கல் நடுவில் ஒரு பெண்ணின் உடம்பை உரசிக்கொண்டு போகிறது. நம்ம தெருவிலேயே, கைம்பெண்ணையும் பிள்ளை இல்லாதவளையும் வைத்துச் சிரிக்கிற சாராயக்கடைச் சிரிப்பு இருக்கிறது. திருநங்கைகளைக் கண்டால் கை தட்டிச் சிரிப்பதில் சேரிக்கும் ஊருக்கும் ஒற்றுமை உண்டு. 2014ல் உச்சநீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினம் என்று அங்கீகரித்தது. மறு வருஷமே 'ஐ' படத்தில் தங்களைக் கேலிப்பொருளாக்கியிருக்கிறார்கள் என்று சென்னையில் அவர்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களில் நம்ம பையன்களும் உண்டு. நம்மைப் பார்த்து யாரோ சிரித்ததைக் கணக்கு வைக்கிறவர்கள், நாம் சிரித்ததற்கும் கணக்கு வைக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், ஆட்டக்காரியின் வயிறு. தடை வந்தால் மைக் செட்காரனுக்கு வேறு கொடை இருக்கிறது, கமிட்டித் தலைவருக்கு வேறு ஆட்டம் இருக்கிறது. ராத்திரி முழுக்க ஆடி, ரவிக்கையில் குத்துகிற பத்து ரூபாயைச் சிரித்துக்கொண்டே வாங்கியவளுக்கு என்ன இருக்கிறது? மராட்டியத்தில் தமாஷாக் கூத்து இதே கேள்வியை அம்பேத்கர் முன்னால் கொண்டுவந்து வைத்தது. பட்டே பாபுராவ் என்கிற பிராமணர் பெரிய தமாஷாக் கவிஞர். பவளா என்கிற மகார் பெண்ணை ஆட வைத்துப் புகழ் பெற்றவர். 1920களில் அவர் போராட்டத்துக்கு நன்கொடை தர முன்வந்தார். மகார் பெண்களை ஆடவிட்டுச் சம்பாதித்த பணம் வேண்டாம் என்று அம்பேத்கர் மறுத்துவிட்டார். காசுக்கு அலைந்துகொண்டிருந்த இயக்கம் அது. மறுத்தது பெரிய காரியம். ஆனால் தமாஷாப் பெண்களின் வரலாற்றை எழுதிய ஷைலஜா பைக், 2022ல் வந்த தன் நூலில் இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறார். அந்தப் பெண்கள் இழிவைச் சுமந்துகொண்டே, அதற்குள்ளிருந்தே தங்கள் மனுஷத்தன்மைக்காகப் போராடியிருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அவர்கள் மானத்தைப் பற்றி மற்றவர்கள் முடிவு செய்துகொண்டே இருந்தார்கள்.

2023 ஆணையை நான் ஆதரிக்கிறேன். குறவர் கேட்டார்கள், கிடைத்தது. ஒரு சமூகத்தின் பேரைத் தூக்கி வைத்துக்கொண்டு அதன் பெண்களை ஏலம் விடுகிற ஆட்டம் போய்த் தொலையட்டும். ஆனால் ஆணை பேரைத்தான் எடுத்தது. அதே சோடி, அதே கேள்வி, அதே பாவாடை, வேறு பேரில் வர எத்தனை நாள் ஆகும்? அந்தச் சோடியில் ஆடுகிற பெண்ணும் அநேகமாக நம்மைப் போல ஒரு காலனியிலிருந்து வருகிறவள்தான். அவளுக்கு வேறு ஆட்டமும் கூலியும் கேட்பது நம்ம வேலையா இல்லையா?

என் பக்கத்திலிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிற கேள்விகள் இவ்வளவுதான். காமச் சிரிப்பு ஒன்று காதில் விழும்போது, யார் வீட்டுப் பாய் விரிக்கப்படுகிறது? அந்த வீட்டுக்காரர் சபையில் இருக்கிறாரா, திருப்பிச் சொல்ல அவருக்கு இடம் இருக்கிறதா? சிரித்ததற்கு யார் விலை கொடுக்கிறார்கள்? மேலே எறிந்த கல் நடுவில் யார் மேல் படுகிறது? இந்த நாலையும் கேட்டால் நமக்கே சில சிரிப்பு தொண்டையில் நிற்கும். நிற்கட்டும். பல சிரிப்பு நிற்காது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் பள்ளோ குறவஞ்சியோ நடத்தும்போது, மரம் மாட்டிய காலைப் பற்றிக் கேள்வி கேளுங்கள். இது யார் பார்க்க எழுதப்பட்டது, நெல்லின் பேரைப் புலவனுக்குச் சொன்னது யார் என்று எழுந்து கேளுங்கள். ஒரு பெண் நோட்டை மூடுவதற்கு முன்னால் கேளுங்கள். எழுதுகிற தோழர்களுக்கு இன்னொன்று. பாமாவின் 'சங்கதி' 1994ல் வந்தபோது நம்ம பெண்களின் வாய்ப்பேச்சு அச்சில் ஏறியது. அதற்கு அப்புறமும் வயலில், பஞ்சாலையில், நூறு நாள் வேலையில் பெண்கள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். குடையை வைத்துச் சிரித்த அந்த இருபது பேரில் இன்றைக்கு உயிரோடு இருப்பது மூன்று பேர். அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய டேப்போ போனோ எடுத்துக்கொண்டு யாராவது போக வேண்டும். பெண் தோழர் போனால் நல்லது. நான் போனால் சொல்ல மாட்டார்கள்.